ஊக்கு என்று நான் சொன்ன நிழல்

என் மனைவியின் தம்பிமீது எனக்குப் பொறாமை உண்டு. இந்த ஒரு வாக்கியத்தை எழுதுவதற்கு எனக்கு அறுபத்து நான்கு வயது ஆகவேண்டியிருந்தது. வாயால் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலேயே வீட்டில் உள்ள அனைவருக்கும் இது தெரிந்திருந்தது என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கியது.

நாங்கள் இருவரும் ஒரே தொழிலைச் செய்கிறவர்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனியார் எக்ஸ்ரே நிலையம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் படம் எடுத்துவருகிறேன். அவன் சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் பணிபுரிகிறான். அவன் கல்லூரியில் முறையாகப் பயின்று சான்றிதழ் பெற்றவன். நானோ பிலிம் கழுவும் இருட்டறை வேலைக்குச் சேர்ந்து, பழைய புத்தகக் கடையில் கிடைத்த உடற்கூறு நூல் ஒன்றை அகராதியின் துணையோடு ஆறு ஆண்டுகள் படித்து, விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணக் கற்றவன். அவனுடைய சான்றிதழின் வண்ணப் பிரதி ஒன்றை என் மனைவி கண்ணாடிச் சட்டமிட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். நாள்தோறும் வேலைக்குச் செருப்பு மாட்டும்போது அது என் கண்ணில் படும். நான் அதை ஒருநாளும் துடைத்ததில்லை.

பொறாமைக்குத் தொழில் ஒன்றே காரணம் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அவர்கள் மங்கலம்பேட்டைக்கு அருகே விவசாயக் குடும்பம். தாய் இறந்தபின் அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கு அனுப்பியவள் என் மனைவி. எங்கள் திருமணப் புகைப்படத்தில் எனக்கும் அவளுக்கும் நடுவே அவன் நிற்கிறான். பிற்காலத்தில் நாள் தவறாமல் மாலை நான்கு மணிக்கு அவனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வரும். அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது. அவள் மூச்சு வாங்கச் சிரிப்பாள். இத்தனை ஆண்டு இல்லறத்தில் அந்தச் சிரிப்பை ஒருமுறைகூட நான் வரவழைத்ததில்லை. அவ்வேளைகளில் நான் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைப்பது வழக்கம்.

என் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இல்லையேல் என் பிழையின் அளவு விளங்காது.

மூச்சுக்குழாயில் அகப்பட்ட பொருட்களைப் படத்தில் கண்டுபிடிப்பதில் எனக்கு ஓரளவு பெயர் இருந்தது. உலோகமாயின் வெள்ளையாகத் தெரியும். துறைமுகத்து மீனவர் ஒருவர் வலையைச் செப்பனிடும்போது பல்லிடுக்கில் பிடித்திருந்த ஈயக்குண்டையும், லால்பேட்டையிலிருந்து வந்த கல்லூரி மாணவி தலைத்துணிக்குக் குத்துவதற்காக உதட்டில் வைத்திருந்த குண்டூசியையும் நான் எடுத்த படங்களே காட்டிக்கொடுத்தன. வேர்க்கடலை, புளியங்கொட்டை போன்றவை படத்தில் தெரியா. ஆனால் அடைபட்ட பக்கத்து நுரையீரல் உள்ளே வாங்கிய காற்றை வெளியே விடமுடியாமல் உப்பி நிற்கும். மூச்சை விடச் சொல்லி இன்னொரு படம் எடுத்தால் அந்த வேறுபாடு பிடிபடும். வலப்பக்கக் குழாய் அகலமாகவும் ஏறக்குறைய நேராகவும் இறங்குவதால், உள்ளே போன பொருள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் கிடக்கும். இவையெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன.

ஆயினும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் படம் எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. தாலியைக் கழற்றச் சொன்னால் முகம் மாறும். சிலர் எழுந்தே போய்விடுவார்கள். ஆகவே அதை முதுகுப் பக்கம் தள்ளிக்கொள்ளச் சொல்லியோ, தோளின்மேல் ஏற்றிவிடச் சொல்லியோ படத்தை எடுத்துவிடுவேன். அந்தக் கயிற்றில் தாலி மட்டுமா இருக்கும்? அவசரத்துக்கு ஆகும் என்று ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார்கள். சேலைக்கு ஒன்று, பையின் அறுந்த வாருக்கு ஒன்று. எப்படித் தள்ளினாலும் அவற்றில் ஒன்று படத்தில் எங்கேனும் வெள்ளையாக விழும். மருத்துவர் தொலைபேசியில், “அது என்னங்க வெள்ளையா?” என்று கேட்பார். “ஊக்கு சார்” என்பேன். அவரும் வைத்துவிடுவார். ஆயிரம் முறை அது ஊக்காகவே இருந்தது.

ஐப்பசி மழையில் என் மனைவிக்கு இருமல் தொடங்கியது. கொரோனாவுக்குப் பிறகு இருமுகிறவர்களைப் பார்த்தாலே அண்டை வீட்டார் ஒதுங்குவார்கள் ஆதலால், முதலில் மூக்கில் குச்சிவிட்டுச் சோதித்தோம். ஒன்றுமில்லை. மருந்து குடித்தாள். கார்த்திகையில் காய்ச்சல் கண்டது. மருத்துவர் படம் எடுக்கச் சொன்னார். நானே எடுத்தேன். தாலியை முதுகுப் பக்கம் தள்ளிக்கொள் என்று நான் சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. என் வழக்கம் அறிந்து அவளே தள்ளிக்கொண்டாள்.

படத்தில் வலப்பக்கம், இதயத்தின் நிழலை ஒட்டிக் கீழே, மிளகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்தது. அதற்கு ஒரு சிறிய காம்பும் இருந்தது. ஊக்கு அப்படி இராது. அது எனக்கு அக்கணமே தெரிந்ததா என்று என்னை நானே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். கண் கண்டது, கை அதற்குள் உறையின்மேல் எழுதிவிட்டது. “தாலி ஊக்கு” என்று என் அழகான கையெழுத்தில் எழுதி, மருத்துவரிடம் கொடுத்தேன். அவரும் அதை நம்பினார். ஒவ்வாமையால் வரும் இளைப்பு என்று முடிவுசெய்து, உறிஞ்சும் மருந்து கொடுத்தார்.

மார்கழி, தை, மாசி என்று மாதங்கள் கழிந்தன. காய்ச்சல் வந்து வந்து போயிற்று. வலப்பக்கமாகச் சாய்ந்தால் அவளுடைய மார்பில் சீழ்க்கை போன்ற ஒலி கேட்கும். பங்குனி பிறந்த வாரம் சளியில் இரத்தம் கண்டது.

“சிதம்பரம் போயி தம்பிய பாத்துட்டு வந்துடலாங்க” என்றாள்.

“அவன் என்னா டாக்டரா? படம் எடுக்கறவன். அதுக்கு நான் ஒருத்தன் இல்லியா?”

“நீங்க எடுத்த படத்துலதான் ஒண்ணும் தெரியலையே.”

“ஒண்ணும் இல்லைன்னா என்னாத்த தெரியும்?”

“ஒண்ணும் இல்லாமதான் அஞ்சு மாசமா இருமறேனா?” என்று கேட்டுவிட்டு, பையில் இரண்டு சேலைகளை எடுத்து வைத்தாள். “வர்றதுன்னா வாங்க. நான் போறேன்.”

போனேன். அவளைத் தனியே அவனிடம் அனுப்ப எனக்கு மனமில்லை. அக்கறையால் அன்று, அவன் கேட்கப்போகும் கேள்விகளுக்கு அவள் என்ன பதில் சொல்வாளோ என்ற எண்ணத்தால்.

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு அவனே வந்திருந்தான். “முட்லூர்ல பஸ்சு திரும்பும்போதே உன் இருமல் இங்க கேட்டுச்சிக்கா” என்று அவளுடைய பையை வாங்கிக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்து, “வாங்க மாமா. நீங்களா கெளம்பி வந்திங்க? மழதான் வரும் போல” என்றான். அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாக முடிந்தது. விளையாட்டாகத்தான் சொன்னான். நான் அதை ஏச்சாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மருத்துவமனைக்குச் சென்றோம். நெஞ்சக மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. முதுகில் வெகுநேரம் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, “ஒரு பக்கம் மட்டும் சத்தம் வருது. முன்பக்கம் ஒண்ணு, சைடு ஒண்ணு, ரெண்டு படம் எடுத்துட்டு வாங்க” என்றார். என் மைத்துனன் தன் அக்காவுக்குத் தானே படம் எடுக்க அனுமதி பெற்றுக்கொண்டான். என்னையும் அறைக்குள் அழைத்துக்கொண்டான்.

“தாலிய கழட்டணும்க்கா.”

“முதுகு பக்கம் தள்ளிக்கறேன்டா. மாமா அப்பிடித்தான் எடுப்பாரு.”

“அது மாமாவோட எடம். இங்க கழட்டித்தான் ஆவணும்.” சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து, மஞ்சள் தோய்த்த நூற்கண்டு ஒன்றை எடுத்து, ஒரு முழம் வெட்டி அவளிடம் நீட்டினான். “இத மொதல்ல கட்டிக்கோ. அப்பறம் அத கழட்டு. கழுத்து ஒரு நிமிசம்கூட சும்மா இருக்காது. மாமா இங்கதான நிக்கறாரு? ஓடுனா நான் புடிச்சாறேன்.”

அவள் மறுபேச்சின்றி நூலைக் கட்டிக்கொண்டு, தாலிக்கயிற்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

என் பொறாமை முழு உருவம் கொண்ட இடம் அந்த இழுப்பறைதான் என்று சொல்லுவேன். எந்தக் கல்லூரியும் அந்த நூற்கண்டை அவனுக்குக் கற்பித்திருக்காது. ஒரு முழ மஞ்சள் நூலை வைத்தால் எந்தப் பெண்ணும் தயங்கமாட்டாள் என்பதை அவனாகவே நினைத்துக் கண்டுபிடித்திருக்கிறான். முப்பத்தைந்து ஆண்டுகளில் எனக்கு அது தோன்றவில்லை. சான்றிதழில் அவன் என்னைவிட உயர்ந்தவனாக இருந்ததை ஒருவாறு பொறுத்துக்கொண்டிருந்தேன். நானாகக் கற்றேன் என்ற என் ஒரே பெருமையிலும் அவன் என்னைவிட உயர்ந்துவிட்டான்.

திரையில் படம் வந்தது. தாலியும் அதில் கோத்த இரண்டு ஊக்குகளும் அவளுடைய உடற்சூடு மாறாமல் என் கைக்குள் இருந்தன. திரையில் அதே இடத்தில் அதே வெள்ளைப் புள்ளி இருந்தது.

“மாமா, இது என்னா?” என்றான். “ஜாக்கெட் கொக்கியா?” அடுத்துப் பக்கவாட்டுப் படம் எடுத்தான். புள்ளி மார்புக்கு வெளியேயும் இல்லை, முதுகுக்கு வெளியேயும் இல்லை. நட்ட நடுவில் நின்றது. அவன் குரல் தாழ்ந்தது. “உள்ள இருக்குது மாமா.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவன், வெளியே அமர்ந்திருந்த அவளிடம் சென்று முன்னே குந்தி உட்கார்ந்தான்.

“அக்கா, மூக்குத்தி எப்ப மாத்துன?”

“என்னாத்துக்குடா அது இப்ப? தீபாவளிக்கு ஏழுகல்லு போட்டேன். அப்ப ஒரு திருகு காணாம பூடுச்சி. வேற வாங்கி போட்டேன். பொங்கலுக்கு மறுபடி ஒத்தக்கல்லு மாத்துனேன். அந்தத் திருகும் எங்கயோ உருண்டு பூடுச்சி. கட்டில தூக்கியெல்லாம் தேடுனேன்.”

“மாத்தும்போது திருக எங்க வச்சிக்குவ?”

“ஒதட்டுலதான். ரெண்டு கையும் மூக்குல இருக்குது, வேற எங்க வைக்கறது?”

“அப்ப பொரை ஏறுச்சா?”

“ஏறுச்சி. தண்ணி குடிச்சேன், சரியாச்சி. தீபாவளிக்கா பொங்கலுக்கான்னு ஞாபகம் இல்ல. ரெண்டு தடவையும் நீதான் போன்ல இருந்த. ஏதோ சொல்லி சிரிக்க வச்ச.”

அவன் முகம் கறுத்தது. அந்த ஒரு நொடி என் உள்ளத்தில் எழுந்தது என்ன என்பதை மறைக்க விரும்பவில்லை. மகிழ்ச்சி எழுந்தது. அவள் மூச்சில் திருகு இறங்கக் காரணம் அவனுடைய வேடிக்கைப் பேச்சு. என் பிழைக்கு முன்னதாக அவன் பிழை இருக்கிறது. என் மனைவியின் நுரையீரலில் ஒரு தங்கத் திருகு அடைத்துக்கொண்டிருந்த வேளையில் நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். திருகைச் சுற்றிச் சளி கட்டியிருந்ததால், அதை மூடியிருப்பது சளியா சதையா என்று பிரித்தறிய முடியவில்லை. எங்கள் மூவரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

“பொங்கலுக்குப் போனதுன்னா ரெண்டு மாசம்தான். சதை ஜாஸ்தி வளந்திருக்காது. லேசா மயக்கம் குடுத்து, மெல்லிசான குழாய் விட்டு நாளைக்கே எடுத்துடலாம். தீபாவளிக்கே போனதுன்னா அப்படிப் போகக் கூடாது. சதை மூடியிருக்கும். தொட்டா ரத்தம் கொட்டும். முழு மயக்கத்துல பெரிய குழாய் விட்டு, ஆபரேஷன் பண்ற டாக்டர பக்கத்துல வச்சிக்கிட்டுதான் கை வைக்கணும். இருமல வச்சி நாள் சொல்ல முடியாது, அது மழைச் சளியாவும் ஆரம்பிச்சிருக்கலாம். ரெண்டு பண்டிகைக்கும் நடுவுல எடுத்த படம் எதாவது இருக்கா?”

மைத்துனன் என் பக்கம் திரும்பினான். “மாமா, கார்த்திகையில நீங்க ஒண்ணு எடுத்திங்களே?”

“எடுத்தேன்” என்றேன். “அதுல ஒண்ணும் இல்ல.”

“நல்லா பாத்திங்களா மாமா?”

“உனக்கு முன்னால இருந்து பாக்கறேன் மச்சான்.”

மருத்துவர் அதை ஏட்டில் குறித்துக்கொண்டார். “அப்போ பொங்கல்தான். நாளைக்குக் காலையில பண்ணிடலாம்.”

என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மெல்லிய குழாயோடு உள்ளே போய், சதையைக் கிழித்து, இரத்தம் மூச்சுக்குழாயை நிரப்பினால் என்ன ஆகும் என்று என் உடற்கூறு நூலில் நான் படித்திருக்கிறேன். ஆயினும் அவன் முன்னிலையில், அந்தப் பெண் மருத்துவரின் முன்னிலையில், ஊக்கு என்று எழுதிய உறையைப் பற்றிச் சொல்ல என் நாக்கு எழவில்லை. ஒருவேளை அது உண்மையிலேயே ஊக்காக இருந்திருக்கலாம், இது பொங்கல் திருகாக இருக்கலாம் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே காம்போடு இருந்தன என்பதையும் அறிந்தே வாதாடினேன்.

மறுநாள் காலை செவிலியர் ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்தார். மைத்துனன் வழக்கமான சுறுசுறுப்போடு கை நீட்டினான். “குடுங்க சிஸ்டர், நான் போட்டுடறேன்.”

எனக்குச் சுரீரென்றது. “புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நீ எதுக்கு மச்சான் போடற?” என்று அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினேன்.

“சரி மாமா, நீங்களே போடுங்க. இதுக்கென்னா சண்ட?” என்றான். படுக்கையில் இருந்தபடி அவள், “ரெண்டு பேரும் சேந்தே போடுங்களேன்” என்றாள்.

அச்சிட்ட எதையும் முழுவதும் படிக்காமல் கையெழுத்திடும் பழக்கம் எனக்குக் கிடையாது. முறையாகப் படிக்காதவன் என்பதால் எழுத்தை நான் மற்றவர்களைவிட அதிகமாக மதிக்கிறேன் போலும். படிவத்தின் நான்காம் பத்தியில், நோயாளியின் உடல்நிலை குறித்து எனக்குத் தெரிந்த விவரங்கள் அனைத்தையும் மறைக்காமல் மருத்துவரிடம் தெரிவித்துவிட்டேன் என்று இருந்தது. அதன் கீழே கோடு. கோட்டின் கீழே, கணவர் அல்லது உறவினர்.

பேனா நின்றுவிட்டது.

“கீழ கோடு இருக்குது பாருங்கய்யா, அங்கதான்” என்றார் செவிலியர்.

அவனைக் கையெழுத்திட விட்டிருந்தால் அவன் அறியாமல் இட்டிருப்பான், அது பொய்யாகியிராது. பொறாமையால் பிடுங்கிய பேனா என்னிடம் இருந்தது. நான் இட்டால் அது பொய். திருப்பிக் கொடுத்தால் அவன் கணவனின் இடத்தில் நிற்பான். வேறு வழியே இல்லாத இடத்தில் என்னை நானே கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

“டாக்டர பாக்கணும்” என்றேன்.

அவருடைய அறையில் மைத்துனனும் பின்னாலேயே வந்து நின்றான். அவனை வெளியே போகச் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் விட்டேன். “கார்த்திகை படத்துல இருந்துச்சி டாக்டர். இதே எடத்துல. ஊக்குன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்.”

மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. செவிலியரை அழைத்து, இன்றைய சோதனையை நிறுத்தச் சொன்னார். “அந்தப் படத்த நான் பாக்கணும். எவ்வளவு நேரத்துல கொண்டு வருவீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“நேத்தே சொல்லியிருக்கலாமே மாமா” என்றான் மைத்துனன். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

கடலூருக்குப் பேருந்து ஏறினேன். வீட்டுப் பீரோவில் துணிகளுக்கு அடியில் உறை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு உடனே திரும்பினேன். வரும் வழியில் ஆலப்பாக்கம் தாண்டியதும், உறையிலிருந்து படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளியே வயல்களும் பனைகளும் ஓடிக்கொண்டிருக்க, அவற்றின்மேல் என் மனைவியின் விலா எலும்புகள் அசையாமல் நின்றன. பக்கத்து இருக்கையில் காலி மீன் கூடையை மடியில் வைத்திருந்த பெண்மணி எட்டிப் பார்த்தார்.

“யாருக்குங்க அது?”

“என் சம்சாரத்துக்கு.”

“நெஞ்சு படமா?” என்றவர், மீன் செதில் ஒட்டிய விரலை நீட்டி, “இங்க என்னாவோ ஒண்ணு உள்ள கெடக்குதே?” என்றார்.

நான் படத்தை உறைக்குள் இட்டேன். மீதிப் பயணம் முழுவதும் ‘தாலி ஊக்கு’ என்ற எழுத்துகள் உள்ள பக்கத்தை என் தொடைமீது கவிழ்த்தே வைத்திருந்தேன்.

மருத்துவர் இரண்டு படங்களையும் விளக்குப் பலகையில் அருகருகே மாட்டினார். ஒரே இடம், ஒரே காம்பு. “படம் ரொம்பச் சுத்தமா எடுத்திருக்கீங்க” என்றார். அவர் மனமாரத்தான் சொன்னார். அந்தப் பாராட்டை மைத்துனன் கேட்டுக்கொண்டு நின்றது எனக்கு வேதனையாக இருந்தது.

அடுத்த நாள் முழு மயக்கத்தில் பெரிய குழாய் விட்டு எடுத்தார்கள். நாங்கள் இருவரும் வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான்.

“அன்னிக்கு என்னா சொல்லி சிரிக்க வச்சேன்னு யோசிச்சி யோசிச்சி பாக்கறேன் மாமா. ஞாபகமே வரல.”

அவன் அழுதான். ஆறுதலாக ஒரு சொல் சொல்ல எனக்கு வாய்ப்பு இருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. மருத்துவர் வெளியே வந்து, சதை நன்றாக மூடியிருந்ததாகவும், தொட்டவுடன் இரத்தம் வந்ததாகவும், அறுவை மருத்துவர் பக்கத்தில் இருந்ததால் பதற்றமின்றி அடக்க முடிந்ததாகவும், மெல்லிய குழாயோடு போயிருந்தால் நடுவில் திண்டாடியிருப்போம் என்றும் கூறினார். சிறு புட்டியில் கறுத்துப்போன திருகைக் காட்டினார். மிளகைவிடச் சிறியது.

அவளைப் படுக்கைக்குக் கொண்டுவருவதற்கு முன் அவன் என்னை ஓரமாக அழைத்தான். “மாமா, படத்து விஷயம் அக்காவுக்குத் தெரிய வேணாம். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்களும் சொல்லிக்காதிங்க. விட்டுடுங்க.”

நல்ல மனத்தோடுதான் சொன்னான். ஆனால் என் வாழ்நாள் முழுவதும் அவனுடைய பெருந்தன்மையின் நிழலில், அவன் வாய் திறக்காமல் இருக்கும் கருணையில் நான் குடித்தனம் நடத்த வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அதை என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள், அவன் பணிக்குப் போயிருந்தபோது, அவளிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். நேர்மையால் சொன்னேன் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொண்டை புண்ணாயிருந்ததால் அவள் மெல்லத்தான் பேசினாள். “திருகு உள்ள போனது எனக்கே தெரியல. உங்களுக்குத் தெரியலைன்னா அதுல என்னா இருக்கு? ஊக்குன்னு எழுதனத விடுங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஆனா என் தம்பி கேட்டப்ப ஒண்ணும் இல்லன்னு சொன்னிங்களே. அது தெரிஞ்சிதான சொன்னிங்க?”

“தெரிஞ்சிதான்.”

“அவன் முன்னாடி கொறஞ்சி பூடுவோம்னா?”

நான் தலையசைத்தேன்.

“அவன் என் வயித்துல பொறக்கலையே தவிர, என் புள்ள. புள்ளயோட எந்த அப்பனாவது போட்டி போடுவானா?” என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீடு திரும்பிய பிறகும் அவள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. சோறு போட்டாள், மருந்தை நான் எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். நுரையீரலின் வலது அடிப்பகுதி ஐந்து மாதங்கள் அடைபட்டுக் கிடந்ததால், அது மீண்டும் விரிவதற்கு மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார்கள். மூன்று தூண்களில் மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவி அது. குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுக்க இழுக்கப் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும். மூன்றாவது எழும்பாவிட்டால் அந்தப் பகுதி இனி விரியாது என்றே கொள்ளவேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் வாரம் ஒன்று எழும்பியது. இரண்டாம் வாரம் இரண்டு. மூன்றாவது பந்து கல்லைப் போலக் கிடந்தது. அவள் முயல்வதைக் கதவோரம் நின்று பார்ப்பேன். அவள் ஏறிட்டுப் பார்த்தால் நகர்ந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மைத்துனன் வந்து அருகே உட்கார்ந்து, “இழுக்கா, இழு, இன்னும் கொஞ்சம்” என்று ஊக்கப்படுத்துவான். அவன் எதிரிலேயே மூன்றாவது எழும்பிவிடும் என்று ஒவ்வொரு ஞாயிறும் அஞ்சினேன். எழும்பாமல் போனபோது நிம்மதி அடைந்தேன். நிம்மதி அடைந்ததற்காக வெட்கினேன்.

சித்திரையில் ஒரு புதன்கிழமைக் காலை. நான் வேலைக்குப் புறப்பட்டுச் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தேன்.

“இங்க வாங்க” என்றாள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அவளாக என்னை அழைத்தாள். போய் எதிரே உட்கார்ந்தேன். குழாயை வாயில் வைத்து, கண்ணை மூடி இழுத்தாள். முதல் பந்து எழுந்தது. இரண்டாவது எழுந்தது. மூன்றாவது அரை விரற்கடை அசைந்து, நின்று, பின் சடாரென்று மேலே போய்த் தூணின் உச்சியில் துடித்துக்கொண்டு நின்றது. நான் மனத்துக்குள் எண்ணினேன். நான்குவரை எண்ணும்போது கீழே விழுந்தது.

“பாத்திங்களா?”

“பாத்தேன்.”

“சரி, வேலைக்குப் போங்க” என்று கருவியைத் துடைத்து மேசைமேல் வைத்தாள்.

மூன்றாவது பந்து எழும்பியதை அவனுக்கு அவள் எப்போது சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்குக் காட்டுவதற்கு முன் சொல்லவில்லை என்பது தெரியும். அன்றைக்கு அது எனக்குப் போதுமானதாக இருந்தது.